குழுவாக டெனிஸ் ஸ்மாஷ் பழகுவது எப்படி: ஒரே ஆடுகளம், எட்டுப் பேர், முழுமையான வழிகாட்டி

எட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பந்தை உயரத் தூக்கிப் போடுவார். முன்னால் நிற்பவர் ஓங்கி ஒரு அடி அடிப்பார். பந்து வேலியைத் தாண்டும், எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்தவர் வருவார். யாழ்ப்பாணத்தில் ஸ்மாஷ் பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்குப் பத்துப் பந்து கிடைத்தால் பெரிய காரியம். அந்தப் பத்திலும் பாதி அடிக்க முடியாத இடத்தில் விழுந்த பந்தாக இருக்கும்.

ஸ்மாஷ், அதாவது தலைக்கு மேலே வரும் பந்தை ஓங்கி அடிப்பது, கையால் அடிக்கிற அடி என்றாலும் அது கெடுவது காலால்தான். குழுவில் அதைவிட முன்னதாகவே, லொப் (உயரத் தூக்கிப் போடும் பந்து) போடுபவரின் கையில் கெட்டுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அடி கடைசியில்தான் வருகிறது. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஓரளவுக்குச் சேர்விஸ் போடத் தெரிந்த, பதினொரு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முன்கூட்டியே தேவையானவை

குறைந்தது முப்பது பந்து வேண்டும். புதுப் பந்தாக இருக்கத் தேவையில்லை, ஆனால் செத்த பந்து உதவாது. சர்வதேச டெனிஸ் சம்மேளனத்தின் அளவுப்படி, 254 செ.மீ. உயரத்திலிருந்து விடப்படும் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். கொங்கிறீட் தரையை ஒட்டிய சுவர் ஒன்றில் இந்த இரண்டு உயரத்தையும் சோக்கால் குறித்து வைத்தால், பழைய பந்துகளைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். 120-க்கும் கீழே நிற்பவற்றைத் தனியே வையுங்கள். எட்டாம் படியில் பந்தைக் குத்தவிட்டு அடிக்க வேண்டும், செத்த பந்து அங்கே போதிய உயரத்துக்கு எழும்பாது.

பந்து போட இரண்டு கூடை. பிளாஸ்டிக் கூடை இல்லையென்றால் வீட்டிலிருக்கும் பனையோலைக் கடகம் போதும், உண்மையில் அதன் அகன்ற வாய் வசதியானது. வெள்ளைச் சோக், தண்ணீர், துவாய். தொப்பி அவசியம், ஆனால் முன்விளிம்பு நீளமாக இருந்தால் மேலே பார்க்கும்போது பந்தை மறைக்கும். கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு முன் ஆடுகளத்தை ஒருமுறை கூட்டுங்கள். கொங்கிறீட் தரையில் காற்று கொண்டுவந்து போடும் மெல்லிய மணல் நேரே ஓடும்போது தெரியாது. பக்கவாட்டில் காலை வைக்கும்போதுதான் வழுக்கும். ஸ்மாஷில் அதுதான் முழு வேலையும்.

2. எந்தப் பக்கம், எந்த நேரம்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கண்ணில் வெயில் அடித்தால் பிள்ளை பந்தைப் பார்க்காமல் அடிக்கப் பழகும். பிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது கஷ்டம்.

உங்கள் ஆடுகளம் வழக்கம்போல வடக்குத் தெற்காகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெற்கு முனையில் வலையைப் பார்த்து நிற்கும் வலக்கைக்காரர் ஸ்மாஷுக்குத் திரும்பும்போது நெஞ்சு கிழக்கைப் பார்க்கும். பின்னேரச் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். வடக்கு முனையில் நிற்பவருக்கு நெஞ்சு மேற்கைப் பார்க்கும், அவருக்குக் காலை வெயில் முதுகில். ஆகவே வலக்கைக்காரர் பின்னேரம் தெற்கு முனையிலும், காலையில் வடக்கு முனையிலும் அடிக்கட்டும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ்.

காற்றும் இதோடு ஒத்துப்போகிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்கு முனையில் நிற்பவருக்குக் காற்று முதுகில். எதிரிலிருந்து வரும் லொப் காற்றை எதிர்த்து வந்து குறுகி விழும், ஆள் முன்னால் வந்து அடிக்கலாம். தொடங்குபவருக்கு இதுதான் நல்லது. வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது காலைப் பயிற்சியும் வடக்கு முனையும். காற்று முகத்தில் அடித்தால் லொப் நினைத்ததைவிட ஆழமாகப் போகும். அது பத்தாம் படிக்கு வந்தவர்களுக்கான வேலை.

விடுமுறைக் காலப் பயிற்சியை மதியம் வரை இழுக்க வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நேரத்தில் எந்த முனையில் நின்றும் பயனில்லை.

3. லொப் போடுபவரை முதலில் பழக்குங்கள்

ஒரு குழுவில் நல்ல லொப் போடக்கூடிய இருவர் இருந்தால் மற்ற ஆறு பேரும் ஸ்மாஷ் பழகிவிடுவார்கள். இல்லையென்றால் எந்தக் கோச் வந்தும் பயன் குறைவு. அதனால் முதல் நாள் யாரையும் அடிக்க விடாமல் லொப் போட மட்டும் பழக்குங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

வலையிலிருந்து சேர்விஸ் கோடு 6.40 மீற்றர். அடிப்பவரின் பக்கத்தில் அதற்கு ஓர் அடி முன்னால், இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் சதுரம் ஒன்றைச் சோக்கால் கீறுங்கள். லொப் போடுபவர் எதிர்ப்பக்கச் சேர்விஸ் கோட்டருகே, ஒற்றையர் ஆட்டத்தின் பக்கக்கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்க, முழங்காலை மடித்து, கீழிருந்து மேலே தள்ளுவது மட்டுமே வேலை. சுழற்சி வேண்டாம், மணிக்கட்டு அசையவே வேண்டாம். பத்துக்கு ஏழு அந்தச் சதுரத்துக்குள் விழுந்தால் அவர் தயார்.

உயரம் எவ்வளவு? இதில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். உயரமாகப் போட்டால் அடிப்பவருக்கு நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். நேரம் கிடைப்பது உண்மைதான், ஆனால் பந்து வேகமாக விழும். 6 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பந்து, அடிக்கும் உயரமான 2.6 மீற்றருக்கு வரும்போது, காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகத்தில் இருக்கும். 10 மீற்றரிலிருந்து விழுந்தால் 43 கி.மீ. தொடங்குபவருக்கு 6 மீற்றரே போதும். இரண்டு மாடி வீட்டின் உயரம் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

இன்னொன்று: லொப் போடுபவர் அவசரப்படக்கூடாது. அடித்தவர் திரும்பி வந்து, வலையைப் பார்த்து, ராக்கெட்டை நெஞ்சுக்கு முன் பிடித்த பிறகுதான் அடுத்த பந்து. இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் பாதி வழியிலிருந்து தொடங்கும், கால் பழகவே பழகாது.

4. ஆட்களை நிறுத்தும் ஒழுங்கு

எட்டுப் பேருக்கு நான் நிறுத்தும் முறை இது. ஒருவர் அடிப்பார். ஒருவர் அவருக்குப் பின்னால், பேஸ்லைனுக்கு (ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு) அப்பால், பந்தில்லாமல் அதே அசைவைச் செய்துகொண்டிருப்பார். ஒருவர் லொப் போடுவார், ஒருவர் அவருக்குப் பந்து எடுத்துக் கொடுப்பார். மூவர் எதிர்ப்பக்கப் பின்வேலியோரம் பந்து பொறுக்குவார்கள். எட்டாமவர் பார்வையாளர். அடிப்பவரின் ஒரே ஒரு விஷயத்தைப் பார்ப்பது அவர் வேலை. இன்று கால் என்றால் கால் மட்டும்.

ஆளுக்கு ஆறு பந்து, பிறகு மாற்றம். ஆறுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும், கால் நின்றுவிடும், கை மட்டும் வீசும். பார்வையாளராக நின்ற பிள்ளை அடுத்த முறை அடிக்கும்போது தெளிவாக அடிப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அந்த இடத்தை வெறும் ஓய்வாக விடுவதில்லை.

பாதுகாப்புக்கு இரண்டு விதி, விட்டுக்கொடுக்கக்கூடாதவை. அடிக்கும் திசை எப்போதும் லொப் போடுபவர் நிற்காத பாதி. லொப் போட்டவர் ராக்கெட்டை முகத்துக்கு முன் வைத்து, பந்து தன்னைக் கடக்கும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. இரண்டாவது, அடிப்பவரின் பக்கத்தில் தரையில் ஒரு பந்து கூடக் கிடக்கக்கூடாது. மேலே பார்த்துக்கொண்டு நகரும் ஒருவரின் காலடியில் உருளும் பந்துதான் இந்தப் பயிற்சியில் கணுக்கால் சுளுக்குக்கு முதல் காரணம். பந்து உருண்டு வந்தால் யார் கண்டாலும் “நில்!” என்று கத்தலாம். சின்னவர் பெரியவர் என்று பார்க்கத் தேவையில்லை.

5. பிடி

சேர்விஸுக்குப் பிடிக்கும் அதே கொன்டினென்டல் பிடிதான். ராக்கெட்டின் விளிம்பால் ஆணி அடிப்பதாக நினைத்துப் பிடித்தால் அது தானாக வரும். ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் கைப் பக்கம் வரும் பந்தை அடிக்கும்) பிடியோடு வந்தால் பந்து எப்போதும் இடப்பக்கம் இழுபடும், இல்லையென்றால் நேரே தரையில் அடிபடும். வலைக்கருகே நிற்பவர் பந்தைக் குத்த விடாமல் அடிக்கும் வொலிக்கும் இதே பிடியைத்தான் வைத்திருப்பார், ஆகவே மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

6. பந்தில்லாமல் கால்

எல்லோரும் ஒரே நேரத்தில் செய்யலாம். வலையைப் பார்த்து நிற்கட்டும். நீங்கள் “லொப்!” என்று சொன்னதும் மூன்று காரியம் ஒன்றாக நடக்க வேண்டும்: வலக்கால் பின்னே போகும், உடல் பக்கவாட்டில் திரும்பும், ராக்கெட் காதருகே ஏறும். இடக்கை மேலே நீண்டு பந்தைக் காட்டும். சேர்விஸில் இருக்கும் பெரிய சுற்று இங்கே வேண்டாம். கீழே இறக்கிச் சுற்றி மேலே கொண்டுவர நேரம் இல்லை.

பிறகு கை காட்டும் திசைக்கெல்லாம் அதே பக்கவாட்டு நிலையிலேயே ஒரு காலை மற்றக் காலுக்குக் குறுக்கே வைத்து நகர வேண்டும். வலையைப் பார்த்தபடியே முதுகுப்பக்கமாக ஓடுவதை முதல் நாளே நிறுத்துங்கள். அப்படி ஓடுபவரின் பாரம் குதிகாலில் இருக்கும், பந்து தலைக்குப் பின்னால் போனதும் மல்லாந்து விழுவார். கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் பின்மண்டை. அழகுக்காகச் சொல்லும் திருத்தம் அல்ல இது.

7. ராக்கெட் இல்லாமல் பிடித்தல்

ராக்கெட்டைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். லொப் வரும்போது திரும்பி, நகர்ந்து, நீட்டிய இடக்கையால் நெற்றிக்குச் சற்று முன்னே பந்தைப் பிடிக்க வேண்டும். இடக்கைக்காரர் வலக்கையால்.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கிரிக்கெட் பந்தோடு வளர்ந்தவர்கள். உயரப் போன பந்தைக் கண்டால் அவர்களுடைய கால் தானாகப் பந்துக்கு நேர் கீழே போய் நிற்கும், இரண்டு கையும் நாடிக்குக் கீழே கூடும். கிரிக்கெட்டில் அது சரி. இங்கே பந்துக்கு நேர் கீழே நின்றால் அடி பின்னால் விழும். பந்துக்கு ஓர் அடி பின்னால் நிற்கப் பழகுவதற்குத்தான் இந்தப் படி. கரப்பந்தாட்டம் ஆடி வந்தவர்களுக்கு வேறு வியாதி. உயரத்தில் அடிக்க அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் துள்ளுவார்கள். அவர்களுக்கு இந்தப் படியில் கால் தரையை விட்டு எழும்பக்கூடாது என்று ஒரு நிபந்தனை வையுங்கள்.

ஆறுக்கு ஐந்து பிடிக்காதவருக்கு ராக்கெட் கொடுக்க வேண்டாம். இந்த இடத்தில் இரக்கப்பட்டால் அடுத்த இரண்டு கிழமை வீண்.

8. ஒரு குத்து விட்டு அடித்தல்

இப்போது ராக்கெட். லொப்பைக் கொஞ்சம் உயரமாக, எட்டு மீற்றரளவில் போடுங்கள். பந்து குத்தி எழும்பி மறுபடி இறங்கும்போது அடிக்க வேண்டும். குத்தியதும் பந்து பின்னோக்கிச் சாயும் என்பதால் அடிப்பவர் முதலிலேயே நன்றாகப் பின்னால் போய்விட்டு, பிறகு முன்னால் வந்து அடிக்கட்டும்.

ஏன் இது முதலில்? குத்தி எழும்பிய பந்து மெதுவாக இறங்கும். நேரம் இருக்கிறது, காலைச் சரிசெய்யலாம். ஆட்டத்திலும் மிக உயரமான லொப்பை இப்படித்தான் அடிக்க வேண்டும். பலர் இதைக் கோழைத்தனம் என்று நினைத்து விடுகிறார்கள், அதனால் புள்ளியையும் விடுகிறார்கள்.

பந்தை அடிக்கும் இடம்: முருங்கை மரத்தில் எட்டாத காயைப் பறிக்கக் கை நீட்டுவதைப் போல முழங்கை முழுதாக நிமிர்ந்திருக்க வேண்டும். தலை கடைசிவரை மேலே. பந்து போகும் இடத்தைப் பார்க்கும் ஆசைதான் பாதி ஸ்மாஷ்களை வலையில் போடுகிறது. தலை தாழ்ந்தால் தோள் தாழும், தோள் தாழ்ந்தால் ராக்கெட்டின் சட்டத்தில் படும். பார்வையாளர் “எந்த எழுத்து பந்தில் தெரிந்தது?” என்று ஒவ்வொரு அடிக்கும் பிறகு கேட்கட்டும். பதில் சரியா என்பது முக்கியமில்லை, கேள்வி தலையை மேலே வைத்திருக்கும்.

9. குத்த விடாமல் அடித்தல்

லொப் மறுபடி 6 மீற்றருக்கு இறங்கும். அடிப்பவர் வலைக்கும் சேர்விஸ் கோட்டுக்கும் நடுவிலிருந்து தொடங்குவார்.

முதல் சுற்றில் பலம் பாதி போதும். எதிர்ப்பாதியில், பேஸ்லைனுக்கு இரண்டு மீற்றர் உள்ளே ஒரு துவாயை விரித்து அதன் பக்கம் அடிக்கச் சொல்லுங்கள். “கீழே அடி” என்று மட்டும் சொல்ல வேண்டாம். வலையின் நடு உயரம் 0.914 மீற்றர். இரண்டு மீற்றர் உயரத்தில்தான் பந்தை எட்டக்கூடிய ஒரு பிள்ளை சேர்விஸ் கோட்டிலிருந்து நேர்கோடாக அடித்தால், வலையை உரசிய பந்துகூட வலைக்கு அப்பால் ஐந்தரை மீற்றரளவில்தான் விழும். அதைவிடச் செங்குத்தாக அடித்தால் வலைதான். சினிமாவில் வருவதுபோலக் குத்தி வேலிக்கு மேலே போகும் ஸ்மாஷ், வலைக்குப் பக்கத்தில் நிற்கும் நெட்டையருக்கு உரியது.

வலைக்கு மிக அருகே வந்தவருக்கு ஒரு எச்சரிக்கை. பந்து வலையைத் தாண்டித் தன் பக்கம் வந்த பிறகுதான் அடிக்கலாம். அடித்த பிறகு ராக்கெட் வலைக்கு மேலாக அந்தப்பக்கம் போகலாம், ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது உடலோ ராக்கெட்டோ வலையைத் தொட்டால் புள்ளி போய்விடும். பயிற்சியிலும் தொட்டதை எண்ணுங்கள்.

10. பின்னோக்கிப் போய் அடித்தல்

ஒன்பதாம் படியில் ஆறுக்கு நான்கு உள்ளே விழுபவர்கள் மட்டும் இங்கே வரலாம். அடிப்பவர் வலையைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவார், அந்த நேரத்தில் லொப் அவர் தலைக்கு மேலாகச் சேர்விஸ் கோட்டுக்குப் பின்னால் போகும். ஆறாம் படியின் குறுக்குக்கால் நடை இங்கேதான் கைகொடுக்கும்.

பந்து எட்டாமல் போகும் நிலையில் வலக்காலால் உந்தித் துள்ளி, காற்றில் கால்களை மாற்றி, இடக்காலில் இறங்க வேண்டும். துள்ளலைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க நான் அவசரப்படுவதில்லை. கால் சரியாக நகர்ந்தால் பாதிப் பேருக்கு அது தானாக வருகிறது.

இவ்வளவு பின்னாலிருந்து வெற்றியடி அடிக்க முயல வேண்டாம். பேஸ்லைனிலிருந்து 2.6 மீற்றர் உயரத்தில் நேர்கோடாக அடித்தாலும் வலையை உரசும் பந்து எதிர்ச் சேர்விஸ் கோட்டருகேதான் போய் விழும். இடைவெளி அவ்வளவு குறைவு. வலைக்கு ஒரு மீற்றர் மேலாக, நடுவில், ஆழமாக. அது போதும்.

11. இரண்டு பேர், ஒரு பந்து

இரட்டையரில் நடுவில் வரும் லொப்புக்கு இருவரும் ஓடுவார்கள், அல்லது இருவரும் நிற்பார்கள். லொப் உச்சிக்கு வரும் முன் ஒருவர் சத்தமாக “என்ரை!” (என்னுடையது) என்று சொல்ல வேண்டும். குத்தவிட்டு அடிக்கப்போகிறார் என்றால் “விடு!”. சொன்னபின் மாற்றக்கூடாது. இருவரும் வலக்கைக்காரர் என்றால் நடுப்பந்து பொதுவாக இடப்பக்கம் நிற்பவருக்கு, ஏனென்றால் அது அவருடைய ஃபோர்ஹேண்ட் பக்கம். கூச்சப்படும் பிள்ளைகள் இங்கே வாயே திறக்க மாட்டார்கள். சத்தம் வராத பந்தை உள்ளே அடித்தாலும் புள்ளி இல்லை என்று வையுங்கள், இரண்டு நாளில் ஊரே கேட்கும்.

12. பந்து போன இடத்தை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்தல்

வலையில் விழுந்தால் தலை முதலில் தாழ்ந்திருக்கும், அல்லது பந்தை அளவுக்கு மிஞ்சி இறங்கவிட்டிருப்பார். வேலிக்குப் போனால் பந்து தலைக்குப் பின்னால் இருந்தது, அதாவது கால் பின்னால் போகவில்லை. கையைத் திருத்தப் போகாதீர்கள். சட்டத்தில் பட்டால் கண். வேகமே இல்லாமல் போனால் பெரும்பாலும் உடல் வலையைப் பார்த்தபடி நின்றிருக்கும், திரும்பவில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று பிழை தெரிந்தால் காலைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மற்ற இரண்டும் பல நேரம் அதோடு போய்விடும்.

13. புள்ளி வைத்து ஆட்டம்

கடைசி இருபது நிமிடம். இருவர் வலையருகே, இருவர் எதிர்ப்பேஸ்லைனில். பின்னால் நிற்பவர்கள் லொப்பால் மட்டுமே ஆட்டத்தைத் தொடங்கலாம், பிறகு எப்படியும் ஆடலாம். ஏழு புள்ளிக்கு ஆடி மாறுங்கள். ஸ்மாஷ் திரும்பி வந்தால் அதையும் ஆட வேண்டும். ஒரு அடியோடு வேலை முடிந்தது என்று நிற்கும் பழக்கம் இங்கேதான் தெரியவரும். இந்த ஆட்டத்தில் ஸ்மாஷ் பழகுபவர்களும் லொப் போடுபவர்களும் சேர்ந்து முன்னேறுவார்கள், அடுத்த கிழமைக்கு யாரை லொப் போட விடலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாளில் வளர்ந்தவருக்கு நாற்பது, பதினான்கு வயதுக்குக் கீழே இருபத்தைந்து முழுப்பல அடிக்கு மேல் நான் விடுவதில்லை. இந்த ஆட்டத்தில் அடிப்பதும் அந்தக் கணக்கில்தான். நீண்ட சேர்விஸ் பயிற்சி உள்ள நாளில் ஸ்மாஷை வைக்க வேண்டாம், இரண்டும் ஒரே தோளைத்தான் தின்னும். யாராவது தோளின் முன்பக்கத்தைக் கையால் பிடித்துவிட்டால் அவருக்கு அன்றைக்கு லொப் போடும் வேலையைக் கொடுங்கள்.